கொலுசு சொன்ன சேதி

டாக்டரம்மா பக்கம்



சென்ற ஆடி மாதம், பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருந்த ஒரு மாலை நேரம். என் கிளினிக்கில் அன்று கூட்டம் குறைவு. கடைசியாக ஒரு மாமியாரும் மருமகளும் உள்ளே வந்தார்கள். மருமகளுக்கு முப்பத்து நாலு வயது. கணவர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஒன்றரை வயதுக் கைக்குழந்தை பாட்டியின் இடுப்பில் இருந்தது.

மாமியார்தான் பேச்சைத் தொடங்கினார்.

“டாக்டரம்மா, இவளுக்கு ஒரு பத்தியம் எழுதிக் குடுங்க. கால் ரெண்டும் தூணு மாதிரி ஆயிட்டு. சோத்தக் குறைன்னா கேக்க மாட்டேங்கா. அதுகூடப் போவட்டும், பெத்த பிள்ளைய மடியில வச்சிக்கிட மாட்டேங்கா. பிள்ள ஏங்கிப் போயி எங்கிட்டயே கெடக்கு.”

மருமகள் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். “குழந்தைக்கு வெளியே காற்றாட இருக்கும், கொஞ்ச நேரம் திண்ணையில் வைத்திருங்களேன்” என்று பெரியவரை நாசூக்காக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான், அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“ராத்திரி சோறே திங்கதில்ல டாக்டரம்மா. மேலெல்லாம் மெலிஞ்சி ரவிக்கை லூசாப் போச்சி. காலு மட்டும் கொறைய மாட்டேங்கு. பிள்ள மடியில ஏறி முட்டி போட்டான்னா உசிரு போற மாதிரி வலிக்கி. பெத்த பிள்ள பாரமா இருக்குன்னு வெளிய சொன்னா என்னைய என்னம்பாக?”

படுக்க வைத்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே ஒரு பெண், கீழே வேறொரு பெண் போல இருந்தது. தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பருத்திருந்தன. தொடையில் அங்கங்கே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. யாரும் அடித்தார்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். “இல்ல டாக்டரம்மா, கட்டில் முனை லேசாப் பட்டாலும் இப்பிடித்தான் கன்னிப் போவுது” என்றாள். ஆனால் பாதம் இரண்டும் மெலிந்து அழகாக இருந்தன! கணுக்காலில் வளையம் போட்டு நிறுத்தியது போல வீக்கம் சட்டென்று முடிந்திருந்தது.

“செருப்பு கல்யாணத்துல இருந்து அதே ஆறாம் நம்பர்தான். கொலுசுதான் மூணு தடவ மாத்திட்டேன்” என்றாள்.

அந்தக் கொலுசு ஒரு டாக்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டது. ஆனால் சகோதரிகளே, அதைக் காதில் வாங்க எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. பழைய சீட்டுகளைத் தேடினேன். முதல் பிரசவத்துக்குப் பிறகு, கால் கனக்கிறது என்று இதே பெண் என்னிடம் வந்திருக்கிறாள். என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: “எடை குறைக்கவும்.” காலைத் தொட்டுப் பார்த்ததாகக்கூட அந்தச் சீட்டில் இல்லை. எட்டு வருஷம் அந்தப் பெண் பட்டினி கிடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த இதழில் இதை விரிவாக எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

இதன் பெயர் லிப்போஎடிமா. ‘லிப்போ’ என்றால் கொழுப்பு, ‘எடிமா’ என்றால் வீக்கம். கொழுப்பு வீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 1940-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இதைத் தனி நோயாக முதலில் எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் பெரும்பாலான டாக்டர்களின் பாடப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில்தான் இதற்கென்று தனி எண் கிடைத்தது.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, சில பெண்களுக்கு மேற்கைகளிலும், இயல்புக்கு மாறாகப் பெருகுகிறது. நாம் அதிகம் சாப்பிட்டுச் சேர்கிற கொழுப்பு போன்றதல்ல இது. தொட்டால் வலிக்கும். உள்ளே அரிசி மணி, பட்டாணி மாதிரி உருண்டைகள் கைக்குத் தட்டுப்படும். மெல்லிய ரத்தக் குழாய்கள் சுலபமாக உடைவதால் கன்றிப்போகும்.

இது அநேகமாகப் பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பெரும்பாலும் பெண் உடலில் ஹார்மோன் மாறும் மூன்று காலங்களில் தலைகாட்டும். வயதுக்கு வரும்போது, கர்ப்பம் தரிக்கும்போது, மாதவிடாய் நிற்கும்போது. அம்மா, சித்தி, அத்தை என்று குடும்பத்தில் இன்னொருத்திக்கும் இதே மாதிரி கால் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ‘எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் காலே இப்பிடித்தான்’ என்று பேசிக்கொள்வார்கள். அது வெறும் குடும்பச் சாயல் அல்ல, குடும்பத்தில் ஓடுகிற நோயாகவும் இருக்கலாம்.

ஆனைக்கால் என்று பயப்பட வேண்டாம்

நம் தமிழ்நாட்டில் கால் பருத்தாலே முதலில் நாவில் வரும் சொல் ‘ஆனைக்கால்’தான். தலைமுறை தலைமுறையாகக் கண்ட நோய் அல்லவா! கொசு கடித்து உடலில் புகும் ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து அவற்றைக் கெடுத்துவிடுகிறது. வடிய வேண்டிய நிணநீர் காலில் தேங்குகிறது. இதற்காக 1955-லேயே தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிறகு பாதிப்புள்ள மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். அதன் பலனாக நோய் மிகவும் குறைந்திருக்கிறது. ஆனாலும் பயம் போகவில்லை. ‘ஆனைக்கால்’ என்று பேர் விழுந்துவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகுமே என்று காலை மறைத்தே வாழ்கிறவர்கள் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. நாம் மெட்டி போடுகிறோமே, எங்கள் பக்கத்தில் மிஞ்சி என்போம், அந்த இரண்டாம் விரலின் அடிப்பாகத்தில், மேல்தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நிணநீர் தேங்கிய காலில் தோல் தடித்துப்போய் அங்கே கிள்ள வராது. லிப்போஎடிமாவில் சாதாரணமாகக் கிள்ள வரும். ஆரம்ப நிலையில் இந்தச் சோதனை ஏமாற்றவும் செய்யலாம். ஆகவே இது ஒரு குறிப்புதான், முடிவு அல்ல.

மற்ற வேறுபாடுகளையும் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனைக்காலில் பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பருத்திருக்கும். பாதமும் விரலும் சேர்ந்து வீங்கும். இடையிடையே குளிர் காய்ச்சல் வந்து, காலில் நெறி கட்டிச் சிவக்கும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை உண்டு. இந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும் என்பதால்தான் அந்தக் காலத்தில் சுகாதார ஊழியர்கள் நள்ளிரவில் வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். இப்போது பகலிலேயே செய்யக்கூடிய பரிசோதனையும் இருக்கிறது.

சாதாரண உடல் பருமனில் வயிறு, முகம், கை, பாதம் எல்லாமே சேர்ந்து பருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் எல்லாமே குறையும். தொட்டால் வலி இருக்காது.

இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறில் வரும் வீக்கம் பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். முகம் ஊதலாம், மூச்சு வாங்கலாம்.

லிப்போஎடிமாவில் இரண்டு காலும் ஒரே மாதிரி, பாதம் தப்பித்திருக்கும், தொட்டால் வலி, சுலபத்தில் கன்றுதல், பட்டினி கிடந்தும் குறையாத கால். இந்த ஐந்தும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது. டாக்டர் கையால் தொட்டு, கதையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் பார்க்கிறோம்.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் இறுகி வலித்தால், அது ரத்தக் குழாயில் கட்டி அடைத்ததாக இருக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் வந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கவனிக்காமல் விட்டால்?

முதல் நிலையில் தோல் வழவழப்பாகத்தான் இருக்கும், உள்ளே மட்டும் சிறு உருண்டைகள். இரண்டாம் நிலையில் தோல் மேடு பள்ளமாகும். மூன்றாம் நிலையில் தொடையிலும் முழங்காலிலும் சதை மடிப்பாகத் தொங்கும். நடை கெட்டு முழங்கால் மூட்டு தேயும். நாளாவட்டத்தில் நிணநீரும் தேங்க ஆரம்பித்தால் பாதமும் வீங்கிவிடும். எல்லோரும் கடைசி நிலைக்குப் போவார்கள் என்று பொருளல்ல. பலருக்கு முதல் நிலையோடே நின்றுவிடுகிறது.

உடம்பைவிட மனது அதிகம் நோகிறது. ‘தீனியைக் குறை’, ‘சோம்பேறி’ என்று கேட்டுக் கேட்டு, தானே தன் உடம்பை வெறுத்துவிடுகிறாள். வெறுப்பில் நாலு நாள் பட்டினி, ஐந்தாம் நாள் அகோரப் பசி. உண்மையான பருமனும் வந்து சேர்கிறது. முதல் மருந்து, ‘இது உன் தப்பு இல்லை’ என்ற வார்த்தைதான். அன்று அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னபோது, அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு மாமியாரை உள்ளே கூப்பிட்டு அவரிடமும் சொன்னேன். மருமகளின் தொடையை லேசாக அழுத்திக் காட்டினேன். அவள் துள்ளியதைப் பார்த்த பெரியவர் வாயடைத்துப் போனார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அழுத்தக் காலுறை: ஸ்டாக்கிங்ஸ் என்று மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். வெளியிலிருந்து ஒரே சீராக அழுத்தித் திசுவைத் தாங்கிப் பிடிக்கும். கனமும் வலியும் குறையும். கொழுப்பைக் கரைக்காது. காலின் அளவை டேப் வைத்து எடுத்து, டாக்டர் சொல்லும் அழுத்தத்தில் வாங்க வேண்டும். கால் மிகவும் பருத்தவர்களுக்குக் கடையில் கிடைப்பது சுருண்டு மடிந்து இறுக்கும். அவர்களுக்கென்று அளவெடுத்துத் தைத்த கெட்டியான உறைகள் உண்டு, விலை அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டர் பாதத்தில் நாடி பார்க்காமல் போடவே கூடாது.

‘இந்தத் தூத்துக்குடிப் புழுக்கத்தில் இதைப் போடவா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். காலையில் எழுந்து குளித்து, நன்றாகத் துவட்டி, வேலை தொடங்குமுன் போட்டுக்கொள்ளுங்கள். மத்தியானம் படுக்கும்போது கழற்றிவிடலாம். முதலில் 2 மணி நேரம், பிறகு 4, பிறகு நாள் முழுதும் என்று பழக்குங்கள். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றைத் துவைத்து நிழலில் உலர்த்தலாம். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். வியர்க்குரு வந்தால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

தண்ணீர்: நம் ஊருக்கு இயற்கை கொடுத்த வரம் இது. சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள், ஆழம் போகப் போகக் காது அடைத்து வலிக்கும் என்பார்கள். 1961 வரை அரசாங்கம் இங்கே முத்துக் குளிப்பு நடத்திய காலத்திலும் முத்துக் குளித்தவர்கள் இந்த அழுத்தத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். தண்ணீரின் கனம் உடம்பை நாலா பக்கமும் அழுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக் கடல்நீரில் அந்த அழுத்தம் சுமார் 75 மில்லிமீட்டர் பாதரசம். வழக்கமான காலுறை கொடுப்பது 20 முதல் 30 வரைதான். அதுவும் தண்ணீரில் பாதத்தில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கிறது. வீக்கத்தை மேல்நோக்கித் தள்ள இதைவிட நல்ல காலுறை வேறென்ன வேண்டும்? உடம்பு மிதப்பதால் முட்டிக்கும் பாரமில்லை.

ஆகவே இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் முன்னும் பின்னும் நடப்பது மிக நல்ல பயிற்சி. மன்னார் வளைகுடா நம் பக்கம் பெரும்பாலும் அலை குறைந்த கடல். ஆனாலும் தனியாக இறங்காதீர்கள். காற்று பலமாக வீசும் நாட்களில் வேண்டாம். காலில் புண், சிரங்கு இருந்தால் வேண்டாம். சிப்பி கிழித்த சிறு காயம்கூட இந்தக் காலில் சீழ் பிடிக்கும், அதனால் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். சொறி மீன் ஒதுங்கும் நாளில் கரையிலேயே நடந்தால் போதும். புடவை காலைச் சுற்றும், சுரிதார் உத்தமம். கடல் இல்லாத ஊரில் நீச்சல் குளம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தினம் அரை மணி நடை, சைக்கிள்.

சாப்பாடு: பட்டினி வேண்டவே வேண்டாம். பட்டினியால் இந்தக் கொழுப்பு பெரிதாகக் குறையாது, ஆனால் மற்ற இடத்தில் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் வலியும் மூட்டுத் தேய்மானமும் குறையும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, மீன் குழம்பும் காயும் கூட்டிக்கொள்ளுங்கள். பொரித்த மீனுக்குப் பதில் அவித்தது, குழம்பு வைத்தது. இரவில் பரோட்டா, விருந்தாளி வரும்போதெல்லாம் மக்ரூன் என்ற நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு அதிகம், அது நீர் வீக்கத்தைக் கூட்டும்.

தடவுதல்: பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் காலை முறுக்கிப் பிழியும் வழக்கம் உண்டு. இந்தக் காலுக்கு அது ஆகாது, மேலும் கன்றும். இறகால் வருடுவது போல, தொடை இடுக்கை நோக்கி மேல்முகமாக மெல்லத் தடவினால் இதமாக இருக்கும். நிணநீர்த் தடவலில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கற்றுக்கொள்வது நல்லது.

நீர் மாத்திரை: கால் வீக்கம் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். இதில் இருப்பது கொழுப்பு, சிறுநீரில் போகாது. போவது உடம்புக்கு வேண்டிய உப்புச் சத்துதான். மயக்கமும் கைகால் இழுப்பும்தான் மிச்சம்.

ஆபரேஷன் உண்டா?

அந்தப் பெண்ணின் கணவர் மறுநாள் தனியாக வந்தார். “டாக்டர், ஒரே நாள்ல கொழுப்ப உறிஞ்சி எடுத்துருவாகளாம். விளம்பரம் பாத்தேன். இவ நகைய வச்சாவது பண்ணிரலாம்னு பாக்கேன்” என்றார். நல்ல மனசு. ஆனால் நகையை எடுக்குமுன் நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார வைத்தேன்.

ஆபரேஷன் உண்டு. லிப்போசக்ஷன் என்று பெயர். உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும், ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து தோலுக்கடியில் ஏராளமாகச் செலுத்துவார்கள். திசு ஊறி உப்பியதும், சிறு துவாரம் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். இந்த ஊற வைக்கும் முறையை 1980களில் அமெரிக்கத் தோல் டாக்டர் கிளைன் கொண்டுவந்த பிறகு ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது. நீரைப் பீய்ச்சியே கொழுப்பைத் தளர்த்தும் முறையும் இருக்கிறது. நிணநீர்க் குழாய்க்கு அடிபடாமல், காலின் நீள வாக்கில் குழாயை ஓட்டத் தெரிந்த கை வேண்டும்.

பலன் என்ன? பலருக்கு வலி குறைகிறது, கன்றுவது குறைகிறது, நடை சுலபமாகிறது. ஆனால் ஒரே நாளில் முடியாது. கால் முழுவதற்கும் இரண்டு, மூன்று தடவை, சிலருக்கு அதற்கு மேலும், மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு பல வாரம் இரவும் பகலும் அழுத்த உடை. சிலருக்கு அதற்குப் பின்னும் காலுறை வேண்டியிருக்கும். மூன்றாம் நிலையில் தொங்கும் மடிப்பை வெட்டி எடுக்க வேறு ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஆபத்து என்ன? ரத்தப்போக்கு, சீழ், மருந்து அளவு மீறிய விஷத்தன்மை, ரத்தக் கட்டி, கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போய் அடைப்பது. இவை அபூர்வம், ஆனால் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஓர் இரவாவது வசதியுள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது விதி. அழகு நிலையத்தின் மாடியில் செய்கிற வேலை அல்ல இது!

வெளிநாடுகளிலேயே இது பற்றி ஒருமித்த கருத்து இல்லை. ஜெர்மனியில் 2020-லிருந்து மூன்றாம் நிலைப் பெண்களுக்குப் பொது இன்ஷூரன்ஸில் இந்த ஆபரேஷனை அனுமதித்தார்கள், அதுவும் 6 மாதம் காலுறை முதலிய வைத்தியம் செய்து பலன் போதாதவர்களுக்கு. 2025 ஜூலையில் எல்லா நிலைக்கும் விரிவாக்க முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தின் அரசு நிபுணர் குழுவோ 2022-ல், பாதுகாப்பு பற்றிய சான்று போதாது, ஆராய்ச்சியாக மட்டும் செய்யுங்கள் என்றது.

இன்னும் இரண்டு ஆபரேஷன்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன், உடல் பருமன் சேர்ந்திருப்பவருக்கு மொத்த எடையைக் குறைக்கும், லிப்போஎடிமாக் காலை நேராக்காது. இரண்டாவது, நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு இணைக்கும் நுண் ஆபரேஷன். ஆனைக்காலுக்காக இதைத் தஞ்சாவூரிலேயே டாக்டர் ஜமால் 1980களில் செய்து எழுதியிருக்கிறார் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அது நிணநீர் அடைத்த காலுக்கு, கொழுப்பு வீக்கத்துக்கு அல்ல.

ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? லிப்போஎடிமாக் கால் எத்தனை செய்திருக்கிறீர்கள்?

2. எனக்கு எத்தனை தடவை? மொத்தச் செலவு எழுத்தில் தருவீர்களா?

3. மயக்க மருந்து டாக்டரும், அவசரப் பிரிவும் அதே இடத்தில் உண்டா?

4. இன்ஷூரன்ஸ் கம்பெனி இதை அழகு ஆபரேஷன் என்று தள்ளிவிடுமா? (முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்குங்கள்.)

5. 6 மாதம் வேறு வைத்தியம் செய்து பார்க்கச் சொல்கிறீர்களா?

கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் வேண்டாம், இன்றே முன்பணம் கட்டுங்கள்’ என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் மூன்று கேள்விகள்

‘எனக்கு இருக்கிறது, என் பதினாலு வயது மகளுக்கும் வருமா?’

வரலாம், வராமலும் போகலாம். அவள் வயதுக்கு வந்த பிறகு காலைக் கவனியுங்கள். ஓட்டம், நீச்சல், விளையாட்டில் பழக்குங்கள். ‘உனக்கும் என் கால்தான்’ என்று சொல்லிச் சொல்லி அவள் மனதை நோகடிக்காதீர்கள்.

‘அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?’

தாராளமாக. கர்ப்ப காலத்தில் கால் கொஞ்சம் கூடலாம். காலுறையும் நடையும் விடாமல் இருக்கட்டும். ஆபரேஷன் எண்ணம் இருந்தால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம்.

‘புதிதாக வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசி போட்டால் தீருமா?’

உடல் பருமனும் சேர்ந்திருந்தால் அந்தப் பங்கு குறையலாம். லிப்போஎடிமாவையே குணப்படுத்தும் என்று நிரூபணம் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் போடுகிற ஊசி அல்ல அது.

பிறகு நடந்தது

அந்தப் பெண் ஆபரேஷனை ஒத்திவைத்தாள். நகை பீரோவிலேயே இருக்கிறது. ஒரு ஜோடி காலுறை வாங்கினாள். முதல் வாரம் அழுதுகொண்டே போட்டதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் நாத்தனாரும் அவளுமாக விடியலில் கடற்கரைக்குப் போய்த் தண்ணீரில் நடக்கிறார்கள். வீட்டில் இரவு மூன்று இட்லி, சட்னி. பட்டினி இல்லை.

நாலு மாதம் கழித்து வந்தாள். டேப் வைத்து அளந்தேன். தொடையில் ஒரு அங்குலம் குறைந்திருந்தது, கெண்டைக்காலில் மாற்றமே இல்லை. அவள் முகம் வாடவில்லை. “அளவு கெடக்கட்டும் டாக்டரம்மா. இப்பம் அழுத்துனா முந்தி மாதிரி உசிரு போவல” என்றாள். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து என் மேஜைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து முட்டி போட்டது. அவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு குழந்தையைக் கொஞ்சம் நகர்த்தி, தொடைக்குக் கீழே மடித்த துண்டை வைத்துக்கொண்டாள். அந்த யோசனை மாமியாருடையதாம்!

ஆபரேஷன் பிறகு தேவைப்படலாம், படாமலும் போகலாம். அடுத்த வருஷம் பார்த்து முடிவு செய்வோம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய பழைய சீட்டில் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, நோயின் பெயரை எழுதி வைத்தேன்.

சகோதரிகளே, உங்களுக்கோ, உங்கள் அக்கா தங்கைக்கோ, மருமகளுக்கோ கொலுசு அளவு மாறிக்கொண்டே போய்ச் செருப்பு அளவு மாறாமல் இருந்தால், தயவுசெய்து அவளைத் திட்டுமுன் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அந்த டாக்டர் கால் பக்கமே பார்க்காமல் ‘எடையைக் குறை’ என்று எழுதினால், “டாக்டர், ஒரு நிமிஷம் காலைத் தொட்டுப் பாருங்கள்” என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் காது வலி.